வந்தவர் சும்மா இருக்கலாம், இடம் கொடுத்தவர் எழுத வேண்டும்

மதுரை ஜங்ஷனில் இறங்கி டவுன் ஹால் ரோட்டையோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியையோ பிடித்தால் இருபுறமும் லாட்ஜ் பலகைகள்தான். நடுச்சாமத்தில் குடும்பத்தோடு போய் நின்றாலும் ஏதாவது ஒரு மாடியில் ஓர் அறை கிடைத்துவிடும். அதே கவுன்ட்டரில் முதுகுப்பையோடு ஒரு ஜெர்மன்காரரோ கொரியப் பெண்ணோ வந்து நின்றால் சில இடங்களில் பதில் மாறிவிடும். "ரூம் இல்ல சார், ஃபுல்லு." பின்னால் பலகையில் சாவிகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

வெள்ளைக்காரரைக் கண்டால் ஆட்டோ வாடகையைக் கூட்டிச் சொல்லத் தெரிந்த ஊர், தேடி வரும் அறை வாடகையை ஏன் திருப்பி அனுப்புகிறது? காரணம் ஒரு படிவம். லாட்ஜ்காரர்கள் மொழியில் 'சி ஃபார்ம்'.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் வந்து தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை ஆன்லைனில் இமிக்ரேஷன் துறைக்கு அனுப்ப வேண்டும். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண், இரண்டும் எங்கே எப்போது கொடுக்கப்பட்டன, எப்போது காலாவதி, இந்தியாவுக்குள் எந்தத் தேதியில் நுழைந்தார், இங்கே வருமுன் எங்கே இருந்தார், அடுத்து எங்கே போகிறார், எதற்காக வந்தார், படம். இதை அனுப்ப வேண்டியவர் விருந்தாளி இல்லை, அறை கொடுத்தவர். சுற்றுலா விசாவில் வந்தவர் அசதியில் தூங்கப் போய்விடுவார். ராத்திரி ட்யூட்டி பையன்தான் பாஸ்போர்ட்டின் எந்தப் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பான்.

அதற்கும் முன்னால், அந்த லாட்ஜுக்கு இணையதளத்தில் ஒரு கணக்கு வேண்டும். விண்ணப்பித்தால், வெளிநாட்டினர் பதிவு அலுவலர் சரிபார்த்து அனுமதிப்பார். மதுரை மாநகரத்துக்குள் அந்த அலுவலர் போலீஸ் கமிஷனர், மாநகரத்துக்கு வெளியே மாவட்ட எஸ்.பி. பெரிய ஹோட்டல்களுக்கு இது அன்றாட வேலை. வருடத்துக்கு நாலு வெளிநாட்டுக்காரர் வந்தால் அதிகம் என்றிருக்கும் பத்து அறை லாட்ஜ் இதில் இறங்குவதில்லை. "எங்களுக்கு ஃபாரினர் லைசென்ஸ் இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு லைசென்ஸ் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. யாரும் யாரையும் தங்க வைக்கலாம். தங்க வைத்தால் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஆனால் தெரிவிக்காமல் மாட்டிக்கொண்டால் வழக்கு வரும் என்று கேள்விப்பட்டவருக்கு, சாவியைப் பலகையிலேயே விட்டுவிடுவது சுலபமாகத் தெரிகிறது.

மதுரையில் ஓர் இரவு, காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு, ராமேஸ்வரத்தில் ஓர் இரவு என்று ஒரு பிரெஞ்சுத் தம்பதி சுற்றினால் மூன்று மாவட்டங்களில் மூன்று பேர் அவர்களைப் பற்றி எழுதுவார்கள். பகலில் கீழடி அருங்காட்சியகத்தையோ கீழக்குயில்குடி சமணர் மலையையோ பார்த்துவிட்டுத் திரும்பினால் யாரும் எழுத வேண்டியதில்லை. படுத்துத் தூங்கிய இடம்தான் கணக்கு. விசாவையும் குடியேற்றத்தையும் பதிவையும் ஒரே வலைக்குள் கொண்டுவரும் திட்டத்துக்கு மத்திய அரசு 2010-இல் ஒப்புதல் கொடுத்தது. விமான நிலையத்தில் விழும் முத்திரையும் காரைக்குடியில் அனுப்பும் படிவமும் இன்று ஒரே இடத்தில் போய்ச் சேர்வது அதனால்தான்.

நம்ம ஆளும் வெளிநாட்டவர்தான்

வெளிநாட்டவர் என்றதும் நம் மனசில் வந்து நிற்பது அலங்காநல்லூர் கேலரியில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பயணி. (அந்த வாடிவாசலில் இறங்கும் காளைக்கும் வீரருக்கும்கூட இப்போது ஆன்லைன் பதிவு உண்டு.) மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தச் சட்டத்துக்குள் அதிகம் வந்து விழுவது வேறு ஆட்கள். உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட வரும் மலேசியக் குடும்பம். மேலூரில் தங்கை மகள் கல்யாணத்துக்கு வரும் சிங்கப்பூர் மாமா. மீனாட்சியம்மன் கோவிலையும் ராமேஸ்வரத்தையும் பார்த்துவிட்டுப் போகக் கொழும்பு விமானத்தில் வரும் யாழ்ப்பாணத்து ஆச்சி. கனடா குடியுரிமை வாங்கிவிட்ட சொந்த மகன்.

இவர்கள் நம் தமிழ் பேசுகிறார்கள், நம் கோவிலில் மொட்டை போடுகிறார்கள். ரிசப்ஷனில் இருப்பவருக்கு உள்ளூர்க்காரர் என்றே தோன்றும். ஆதார் கேட்டால் இல்லை என்பார்கள், அப்போதுதான் சிவப்பு பாஸ்போர்ட்டோ நீல பாஸ்போர்ட்டோ வெளியே வரும். வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவரே. அவர் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் தங்கிய லாட்ஜ் எழுதத்தான் வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அப்பா பெயரை நடுவில் கோடு போட்டுச் சேர்த்து எழுதும் மலேசியத் தமிழர் பெயரையும், நான்கு முன்னெழுத்தை விரித்து ஒரே வரியில் அடித்திருக்கும் இலங்கைத் தமிழர் பெயரையும் அந்தக் கட்டங்களில் எப்படிப் பிரிப்பது என்பது தனிக் கலை.

வீட்டில் தங்கினால்? இங்கேதான் பெருங்குழப்பம். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் வாசகம் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுப்பவரைக் குறித்தது. சொந்த மாமா வீட்டில் யார் கட்டணம் வாங்கப் போகிறார்கள்? ஆனால் நடைமுறை அதோடு நிற்கவில்லை. ஹோம்ஸ்டே, பேயிங் கெஸ்ட், வாடகை வீடு என்று எல்லாம் உள்ளே வந்தன. தனி வீட்டுக்காரரும் கணக்குத் தொடங்க இணையதளத்தில் வழி இருக்கிறது. வந்த உறவினர் பிறகு விசா நீட்டிப்புக்கோ வேறு எதற்கோ சென்னையிலுள்ள மண்டல வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால், தங்கியிருக்கும் முகவரிக்கான சான்றாக முதலில் கேட்பது சி ஃபார்ம்தான். அப்போது போய்த் தேடுவதைவிட, வந்த மறுநாளே போடுவது நல்லது. செலவு கிடையாது. பேத்தியின் செல்போனும் அரைமணி நேரமும் போதும்.

என் குறை இதில்தான். ஜல்லிக்கட்டுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வாருங்கள் என்று உலகத்தை அழைக்கும் அரசு, வந்தவரை வைத்துக்கொள்ளும் மேலூர்க்காரருக்குத் தமிழில் ஒரு துண்டுத்தாள் கொடுக்கலாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டலாம். சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லும். சரி, சட்டத்தைத் தெரியப்படுத்தும் வேலை யாருடையது?

மதுரைக்கு வந்த ஒரு யாத்ரீகர்

வழிப்போக்கரைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. ஜங்ஷனுக்கு எதிரே, ராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கிய சத்திரம். ஆனால் பழைய காலத்தில் யாரும் யாரையும் கணக்கெடுக்கவில்லை என்று நினைத்தால் அது தப்பு.

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பாடலிபுத்திரத்தில் இருந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், அந்நகர நிர்வாகத்தில் ஐந்து ஐந்து பேராக ஆறு குழுக்கள் இருந்ததாக எழுதினார். ஒரு குழுவுக்கு வெளிநாட்டவரைக் கவனிப்பதே வேலை. தங்க இடம் கொடுப்பார்கள், உடன் ஆள் போட்டு நடவடிக்கையைக் கவனிப்பார்கள், நோயுற்றால் பார்ப்பார்கள், இறந்தால் அடக்கம் செய்து உடைமையை உறவினருக்கு அனுப்புவார்கள். அர்த்தசாஸ்திரம், வீட்டுக்கு யார் வந்தார், யார் போனார் என்று வீட்டுக்காரர் நகர அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்கிறது. சிலப்பதிகாரத்து மதுரையிலோ கோட்டை வாயிலில் வாளோடு காவல் நின்றதே யவனர்கள்தான்.

எனக்குப் பிடித்த சாட்சி இபின் பதூதா. மொரோக்கோவில் பிறந்த அவர் 1340-களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்தார். அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்கு உறவு, இருவரும் அக்கா தங்கையை மணந்தவர்கள். சகலை வீட்டு விருந்தாளி. மதுரையைக் கொள்ளைநோய் வாட்டியபோது காய்ச்சலில் விழுந்து எழுந்து இங்கிருந்து கிளம்பியவர் அவர். சிந்து எல்லையில் ஒரு வெளிநாட்டவர் நுழைந்தால் அவர் தோற்றம், உடை, உடன் வந்த ஆட்கள், மிருகங்கள் என்று எல்லாவற்றையும் எழுதி டெல்லி சுல்தானுக்கு ஒற்றர்கள் அனுப்பினார்கள் என்று அவர் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். சீனத்தைப் பற்றி இன்னும் ருசியாக எழுதுகிறார். இரவானால் அதிகாரி எழுத்தரோடு விடுதிக்கு வந்து, தங்கியவர் பெயரை எல்லாம் எழுதி முத்திரை வைத்து, வெளியே பூட்டிவிடுவார். காலையில் பேர் கூப்பிட்டுச் சரிபார்த்து அடுத்த விடுதிக்கு ஆளோடு அனுப்புவார். கடைத்தெருவில் நடந்து போய்விட்டுத் திரும்புவதற்குள் தங்களைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாராம். பாஸ்போர்ட் புகைப்படத்தை ஸ்கேன் செய்யும் நம் ரிசப்ஷன் பையனுக்கு இவ்வளவு பெரிய பரம்பரை.

1939-லிருந்து 2025 வரை

இன்றைய முறைக்கு நேரடி வேர் பிரிட்டிஷ் ஆட்சியில். வெளிநாட்டவர் பற்றிய முதல் சட்டம் 1864-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் வாசலில் நின்ற 1939-இல் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம். போர் முடிந்து, சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1946 நவம்பரில் வெளிநாட்டினர் சட்டம். 1939-இன் கணக்கில் வெளிநாட்டவர் என்றால் பிரிட்டிஷ் குடிமகன் அல்லாதவர். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்து போன நம்மவர் அதில் வரமாட்டார்கள், எல்லோரும் ஒரே மகாராஜாவின் பிரஜைகள். 1834 முதல் மதுரையில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டி, அமெரிக்கன் கல்லூரியையும் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள்தான் அந்தச் சட்டப்படி வெளிநாட்டவர். நாடுகள் பிரிந்து, பாஸ்போர்ட்டுகள் மாறி, பினாங்கு மாமா வெளிநாட்டவர் ஆனது பிறகு நடந்த கதை.

1939, 1946 சட்டங்களோடு 1920-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தையும் விமான, கப்பல் நிறுவனங்களுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்து நான்கையும் ரத்து செய்துவிட்டு வந்ததுதான் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025. ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தங்கும் விடுதிகளோடு கல்வி நிறுவனங்களும் மருத்துவமனைகளும் தங்களிடம் வரும் வெளிநாட்டவரைப் பற்றித் தகவல் தரும் கடமையைச் சட்டத்தின் உடலிலேயே எழுதிவிட்டார்கள். மதுரைக்கு இது சின்ன விஷயமில்லை. 1976-இல் டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பல நாட்டு மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். தமிழ் படிக்க அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் மதுரையில் வந்து தங்கியது பல பத்தாண்டு வழக்கம். சி ஃபார்முக்குப் புதிய விதிகளில் படிவம்-3 என்று பெயர். கவுன்ட்டரில் யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல், விமானத்தில் கொடுத்த காகித அட்டைக்குப் பதிலாக, வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டையும் வந்துவிட்டது. இதை வருகிறவரே நிரப்ப வேண்டும்.

வந்தவரும் நேரடியாகப் பதிவு செய்ய வேண்டிய நிலை உண்டு. 180 நாளுக்கு மேல் தங்கும்படியான விசா இருந்தால், வந்த 14 நாளுக்குள். மாணவர், வேலைக்கு வந்தவர், ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் இதில் வருவார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. ஐந்தாண்டு சுற்றுலா விசா கையில் இருப்பவர் ஐந்தாண்டு என்ற எண்ணைப் பார்த்துப் பதறத் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்று விசாவில் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பாகிஸ்தானியருக்கு விதி வேறு, 24 மணி நேரம். நேபாளியருக்கு 1950 ஒப்பந்தத்தின் நிழலில் விசாவும் இல்லை, பதிவும் இல்லை. அந்த ஜெர்மன்காரரின் பையை மாடிக்குத் தூக்கிப் போகும் ஊழியர் நேபாளத்துக்காரராக இருந்தால், அவரும் வெளிநாட்டவர்தான். யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை.

2018 முதல் பெரும்பாலான சேவைகள் ஆன்லைனுக்கு வந்துவிட்டதால் மதுரையில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் முன்போல் சென்னைக்கு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். காலம் கடந்து தங்கினால் மட்டும் தயவு கிடையாது. புதிய சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம்.

இந்தியா மட்டும் இப்படியா என்றால் இல்லை. இத்தாலியில் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்புகிறார். பிரிட்டனில் விடுதிப் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற ஆணை 1972 முதல் இருக்கிறது. அமெரிக்கா 1940-ஆம் ஆண்டின் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சட்டத்தை 2025 ஏப்ரலில் தட்டி எழுப்பி, 30 நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்த நம் பெற்றோர் பலருக்கு வாட்ஸ்அப்பில் பீதி. விமான நிலையத்தில் நுழையும்போது தரும் ஐ-94 பதிவு இருந்தால் அதுவே பதிவு என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது, அதைப் பகிர்ந்தவர்கள் குறைவு.

மேல்மாடி நீதிமன்றமும் கீழ்த்தளக் கவுன்ட்டரும்

விசா நிபந்தனை மீறல் என்றால் என்ன நடக்கும் என்பதை 2020-இல் மதுரை பார்த்தது. கொரோனா தொடக்கத்தில் தப்லீக் ஜமாத்துக்காகச் சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர் தமிழகத்தின் பல ஊர்களில் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் கைதானார்கள். விமானமும் இல்லை, ஊருக்குப் போகவும் வழியில்லை, சிறை. அவர்களில் 31 பேர் மீதான வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு ஜூனில் ரத்து செய்தது. பட்டது போதும், நாட்டுக்குத் திரும்பட்டும் என்பதே நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பின் சாரம். விதி மீறப்படவில்லை என்று அவர் சொல்லவில்லை. மீறியதற்கு எவ்வளவு தண்டனை போதும் என்று கேட்டார். இரண்டும் வேறு.

அதே நீதிபதி முன் 2022-இல் இன்னொரு வழக்கு. 1986-இல் மண்டபம் அகதிகள் முகாமில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டம். அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது மதுரைக் கிளை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அதுவரை, பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவர் பதிவேட்டில் வளர்ந்தவர்.

தற்காலிகமாகத் தங்க வந்தவர்களின் மிக நீண்ட கதை இந்த இலங்கைத் தமிழ் அகதிகளுடையது. 1983 முதல் வந்தவர்கள். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று முகாம்கள் இருக்கின்றன. தமிழகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேர் என்று 2021-இல் மாநில அரசு சொன்னது. அந்த ஆண்டுதான் பலகைகளில் 'அகதிகள் முகாம்' போய் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' வந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று மாதப் பணக்கொடை உயர்ந்ததும் அப்போதே. முகாமில் 'செக்கிங்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அன்று ஆள் நேரில் இருக்க வேண்டும், வருவாய்த் துறைக்காரர் பேர் கூப்பிடுவார், இல்லாவிட்டால் பணக்கொடையில் சிக்கல். வெளியூரில் பெயின்ட் வேலைக்குப் போனவர் அதற்காகப் பஸ் ஏறி வருவார். கியூ பிராஞ்ச் உளவுப் போலீசின் கணக்கு தனி. இங்கே இடம் கொடுத்தவரும் அரசு, எழுதுபவரும் அரசு.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தபோது, உலகத்தார் எல்லோருக்கும் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரமா என்று அமர்வு கேட்டது. மங்கம்மாள் சத்திரம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தியிருக்கும். ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே, செப்டம்பரில், புதிய சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை வேறு மாதிரி பேசியது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான பிரிவுகள் பொருந்தாது. சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டம் தலைக்கு மேல் தொங்கிய நாற்பது வருடத்துக்குப் பிறகு. இத்தனை காலம் அலுத்துச் சலித்து நின்ற செக்கிங் வரிசையும், காவல் நிலையத்தில் போட்ட கையெழுத்தும்தான் இன்று அவர்களுக்குச் சாட்சி. குடியுரிமை அதில் இல்லை, ஜெயில் பயம் இல்லை என்பது மட்டும்.

இலங்கையில் பெட்ரோலும் பால்மாவும் கிடைக்காமல் போன 2022 மார்ச்சிலிருந்து தனுஷ்கோடி மணல் திட்டுகளில் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கிய குடும்பங்கள் அந்தத் தேதிக்கு ஏழு வருடம் பிந்தியவர்கள். மண்டபம் முகாமில் அவர்களுக்கு இடம் கொடுத்தது மாநில அரசு. விலக்குத் தேதியை நகர்த்தும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது.